வலிக்கவில்லை என்று சொன்னவன்

1. திண்டிவனம், கால்பந்து

ஸ்டாஃப் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, விளையாட்டுப் போட்டிகளுக்கு முதலுதவி பார்க்கப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் திண்டிவனத்தில் கால்பந்து. ஏழாம் நம்பர் பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அலறியபடி மூன்று முறை உருண்டான். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"மெதுவா வாங்க சிஸ்டர். ப்ரீ கிக் குடுத்தா எழுந்துடுவான்" என்றார் ரெஃப்ரி.

விசில் ஊதினார். எழுந்துவிட்டான்.

"எங்கப்பா வலிக்குது?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். நாங்க ஒரு கோல் முன்னாடி கீறோம், டைம் போவணும்ல?"

அன்று பதினோரு முறை ஓடினேன். ஒருவனுக்குத்தான் நிஜமாகவே கட்டுப் போட வேண்டியிருந்தது.

2. விழுப்புரம், கபடி

கபடியில் இந்த நடிப்பு கிடையாது. உடம்பு மேல் உடம்பு மோதுவதுதான் ஆட்டமே. கீழே கிடந்து கத்தினால் பாயின்ட் வராது, சொந்த டீமே கிண்டல் செய்யும். அதனால் கபடிக்காரர்களை நான் முழுசாக நம்பினேன். என் தப்பு அங்கேதான்.

அந்தோணி வானூர்ப் பக்கம். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன், நல்ல ரெய்டர். அவனை மடக்கும்போது ஒருவனுடைய முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. சத்தம் எனக்கே கேட்டது. உடனே எழுந்து சிரித்தான்.

"தலை சுத்துதா அந்தோணி?"

"இல்ல சிஸ்டர். வலியே இல்ல."

அவன் பார்வை என் முகத்தில் நிற்கவில்லை. கவனித்தேன்.

கேப்டன் ஓடிவந்தார். "நாலு நிமிஷம்தான் கீது சிஸ்டர். இவன் இல்லேன்னா பேஜாராயிடும். வுடுங்க."

அம்பயரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விலகினேன்.

அடுத்த ரெய்டில் நடுக்கோட்டைத் தாண்டாமலேயே திரும்பி, சொந்த டீம் ஆளையே தொட்டான் அந்தோணி. கூட்டம் சிரித்தது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் வாந்தி எடுத்துச் சரிந்துவிட்டான்.

மூளைக்கு மேல் ரத்தம் கட்டியிருந்தது. புதுச்சேரியில் ஆபரேஷன். பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கை சொன்னபடி கேட்பதில்லை. பிரஷ் பிடிக்க முடியாது.

3. அதற்குப் பிறகு

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். "கத்தியிருக்கலாம் சிஸ்டர். எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க, வெக்கமாப் போச்சு" என்றான் அந்தோணி.

அவன் மனைவி ஸ்டெல்லா டீ கொடுத்தாள். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீங்க பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தீங்க சிஸ்டர்?"

நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தலையில் அடிபட்டவனிடம் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். ஸ்கோர் என்ன, எதிர் டீம் எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் சரியாக வந்தாலும், சந்தேகம் இருந்தால் வெளியே உட்கார வையுங்கள். கேப்டன் திட்டுவார், கூட்டமும் கத்தும். வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டெல்லா கொடுத்த டீயைக் குடிப்பதைவிட அது லேசு.