போனக்காட்டில் கிடைத்த ஏழாம் எண் டோக்கன்

வியாழன், காலை 5.45. கிழக்கேகோட்டையில் விதுரா பேருந்து கிளம்பியபோது எனக்குச் சன்னலோர இருக்கை கிடைத்திருந்தது. பக்கத்தில் அனூப். திருவனந்தபுரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் சின்ன அலுவலகத்தில் இணையப் பக்கங்களை வடிவமைப்பவர் அவர். தமிழில் எழுதுபவள் நான். நகரத்துக் கண் மருத்துவமனை ஒன்றுக்காக, வீட்டிலிருந்தே கைப்பேசியில் டோக்கன் எடுக்கும் பக்கத்தைச் செய்து முடித்திருந்தோம். திங்கட்கிழமை அது திறக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தை வரிவரியாக நானே எழுதினேன். ஓர் எழுத்துப்பிழை கிடையாது. நாகர்கோவிலில் அப்பாவிடம் காட்டியபோது, “பாடப்புத்தகம் மாதிரி இருக்கு” என்று பாராட்டினார். பள்ளி ஆசிரியராக இருந்தவர்.

திறப்பதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் கையில் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். விதி ஒன்றுதான்: கைப்பேசியைக் கொடு, வேலையைச் சொல், வாயை மூடிக்கொள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

நெடுமங்காடு தாண்டியதும் வெயில் வந்தது. 7.20க்கு விதுரா. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு சாயா குடித்து, போனக்காடு வண்டிக்கு மாறினோம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டி நின்று கிளம்பியது. அதற்கு மேல் வளைவுகள்தான். நகரத்திலிருந்து மொத்தம் அறுபது கிலோமீட்டர் இருக்கும். கடைசி இருபதில் மரக்கிளைகள் சன்னலுக்குள் கைநீட்டின. அனூப் இரண்டு முறை தலையை இழுத்துக்கொண்டார்.

9.15க்கு இறங்கினோம். மஞ்சு விலகாத தேயிலைச் சரிவு, அதன் கீழே தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருக்கும், லயம் என்று அழைக்கப்படும் வரிசை வீடுகள். எங்கள் பக்கத்தைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்த லீலா அக்கா வாசலில் காத்திருந்தார். கொழுந்து பறிப்பவர், வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கணவர் சேவியருக்கு வலது கண்ணில் புரை. இரண்டு தடவை அந்தக் கண் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். முதல் வண்டி பிடித்துப் போயும் டோக்கன் தீர்ந்துவிட்டதாம்.

“மூணாம் தடவ போவ இவருக்கு மடி, மனசே வரல்ல. படியெறங்கதுக்கே என் கையப் பிடிக்கணும்” என்றார் லீலா அக்கா.

பத்து மணிக்குத் தொடங்கினோம். “அக்கா, இது டெமோ பக்கம். அண்ணனுக்கு டோக்கன் எடுத்துப் பாருங்க” என்று கைப்பேசியைக் கொடுத்தேன். சரி என்று தலையாட்டினார்.

விரலை எழுத்தின் மேல் வைத்து உரக்கப் படித்தார். “புற... நோயா... ளர்... சந்திப்பு முன்பதிவு.” நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். “புறநோயாளர்னா யாரு?”

“வெளியூர்க்காரங்களா இருக்கும்” என்றார் சேவியர் அண்ணன்.

“அப்பம் நமக்குள்ளதுதான்” என்று லீலா அக்கா அழுத்திவிட்டார்.

நான் நோட்டில் எழுதினேன். என் காது சூடாகியிருந்தது.

அடுத்து முகவரி. பெயர் எழுதினார், ஊர் எழுதினார். கதவு எண் கேட்டது. அந்த லயத்தில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. அதை விட்டுவிட்டுக் கீழே அழுத்தினார். சிவப்பில் ஒரு வரி வந்தது: “கட்டாயப் புலம் நிரப்பப்படவில்லை.” மறுபடி அழுத்தினார். மறுபடி அதே வரி. அனூப்பின் கை தானாக முன்னே போனது; நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். லீலா அக்கா கைப்பேசியைப் பாயில் வைத்துவிட்டார்.

“எனக்குப் படிப்பு போதாது தங்கச்சி. அஞ்சாங்கிளாசுதான்.”

இத்தனை நாள் வேலையில் என்னை இவ்வளவு குத்திய சொல் வேறில்லை. “தப்பு உங்களுது இல்லக்கா. இத எழுதினது நான்தான்” என்றேன். அவர் நம்பவில்லை. “நீங்க இத எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன்.

“டோக்கன் எடுக்கணும்னுதான். வேற என்னத்த சொல்ல?”

வாசற்படியில் உட்கார்ந்து அனூப் மடிக்கணினியைத் திறந்தார். நான் சொல்லச் சொல்ல மாற்றினார். முன்பதிவு போய் ‘டோக்கன் எடுக்க’ வந்தது. கதவு எண் போயே போய்விட்டது. சிவப்பு வரி, ‘ஊர் பெயர் விட்டுப்போச்சு, இங்கே எழுதுங்க’ என்று ஆனது. அப்பா மெச்சிய வாக்கியங்களில் பாதிக்கு மேல் அழிந்தன. வலித்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, 12.40க்கு மறுபடி கொடுத்தோம். இம்முறை அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்கு நிமிடத்தில் திரையில் வந்தது: டோக்கன் எண் 7, வரும் வியாழன், காலை பத்து மணி.

லீலா அக்கா எழுந்து நின்றுவிட்டார். “பாத்தீரா? நானாக்கும் எடுத்தேன்!” கைப்பேசியைக் கணவரின் இடது கண்ணுக்கு நேரே பிடித்தார். “வியாழக்கிழம போறோம். உம்ம வெள்ளச் சட்டையத் தேய்க்கணும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டெமோ என்று காலையில் நான் ஒரே ஒரு தடவை சொன்ன சொல்லும் அவரிடம் போய்ச் சேரவில்லை. சொல்லாமல் வண்டியேற முடியாது.

“அக்கா, இது ஒள்ள டோக்கன் இல்ல. சும்மா செய்து பாக்கதுக்குள்ளது. திங்கக்கிழமதான் நெசப் பக்கம் தொறக்கும்.”

“அப்பம் ஏழாம் நம்பர் இல்லியா?” என்றார் சேவியர் அண்ணன். எனக்கு அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

லீலா அக்கா கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “நம்பர் போனா போவட்டு. எடுக்கத் தெரிஞ்சாச்சுல்லா? திங்கக்கிழம நானே எடுப்பேன்” என்றார். பிறகு என்னிடம், “ஆனா அதுல மேல எழுதி வைங்க, இது சும்மாவாக்கும்னு. வேற ஆரும் என்னப்போல சந்தோசப்பட்டு ஏமாற வேண்டாம்.”

அங்கேயே எழுதினோம். இப்போது எங்கள் அலுவலகத்தின் எல்லாச் சோதனைப் பக்கங்களிலும் அந்த வரி உண்டு.

2.30 வண்டியில் மலையிறங்கினோம். வழியில் அனூப், “நம்மட பேஜ் இப்பதான் நல்லாயிருக்கு, அல்லே?” என்றார். மேலே போகும்போது இருந்ததைவிடச் சின்னதாகிவிட்ட அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, முன்பு எழுதிய எதற்கும் இல்லாத பெருமை எனக்கு இருந்தது.

திங்கள் காலை 8.10. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். கைப்பேசி அடித்தது.

“தங்கச்சி, பன்னெண்டாம் நம்பர். வியாழக்கிழமதான். பக்கத்து வீட்டுல ரெண்டு பேருக்கும் எடுத்துக் குடுத்தேன்.”

சோதனைக்காரப் புத்தி என்னை விடவில்லை. தேங்காய் உடைபடும் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டேன்: “அவங்களுக்கு அந்தப் பக்கம் புரிஞ்சுதாக்கா?”

“அவங்க ஏன் அதப் பாக்கணும்?” என்றார் லீலா அக்கா. “அதுக்குத்தான் நான் இருக்கேன்லா!”