ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்த டேட்டா

ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் எல்லோரும் கை கழுவ ஓடுவோம், அக்கா மட்டும் லாக்கருக்கு ஓடுவார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். அத்தனை பேருடைய போனும் கேட் அருகே இருந்த இரும்புப் பெட்டிகளில் நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். அக்காவுடையது ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒரு பழைய பட்டன் போன். எடுத்ததும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து மிஸ்டு கால் எத்தனை என்று பார்ப்பார். ஒன்று என்றால் ஊரில் எல்லாம் நலம். இரண்டு என்றால் உடனே திருப்பிக் கூப்பிட வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் அன்றைக்கு அக்கா வைக்கும் குழம்பில் உப்பு இருக்காது, அதை நாங்கள் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம்.

ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டிக்கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. அக்கா எங்கள் லைன் லீடர். நான் பாரூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில், தன் அறையில் பாய் விரிக்க இடம் கொடுத்தவர். அவருக்கு அஞ்செட்டியையும் தாண்டிக் காட்டுக்குள் ஊர். நாளைக்கு ஒன்றோ இரண்டோ பஸ், அதுவும் மழை பெய்தால் டிரைவர் மனது வைக்க வேண்டும். விளைந்து நின்ற கேழ்வரகை யானைகள் மிதித்துவிட்டுப் போன ஒரு வருஷத்தில், இனி இந்த மண்ணை நம்பிப் பயனில்லை என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாட்டையும் மிச்ச நிலத்தையும் பார்த்துக்கொண்டு வீட்டுக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டாம் வகுப்புப் படித்த மகளும் அப்பாவோடு அங்கேயே. அழைத்து வந்தால் ஷிப்டு நேரத்தில் யார் பார்ப்பது? மகளுக்காக வந்தேன் என்பார், மகளைத்தான் விட்டுவிட்டும் வந்தார். அந்த ஒரு கணக்கு அவருக்கு எந்நாளும் நேராகவில்லை.

ஊரில் டவர் கிடையாது. மாடு ஓட்டிப்போகிற வழியில் ஒரு பாறை மேடு உண்டு, அதன் மேல் ஏறி நின்றால் கர்நாடகப் பக்கத்து சிக்னல் எட்டிப் பார்க்கும். சாயங்காலம் மாட்டைத் திருப்பும்போது வீட்டுக்காரர் மகளையும் கூட்டிக்கொண்டு அதில் ஏறுவார். மிஸ்டு கால் கொடுப்பது மகளின் வேலை. தானே நம்பரை அழுத்தி, ஒரு ரிங் போனதும் தானே துண்டிப்பாளாம். அந்த ஒரு ரிங்கை அக்கா எங்களுக்கெல்லாம் காட்டுவார். திரையில் ஒரு நேரமும் ஒரு நம்பரும் தவிர வேறென்ன இருக்கிறது காட்ட? ஆனாலும் காட்டுவார், நாங்களும் பார்ப்போம்.

பிறகு அன்லிமிட்டெட் வந்தது. சிம் வாங்க ஓசூரில் நின்ற வரிசையை நான் ரேஷன் கடையில்கூடப் பார்த்ததில்லை. பேச்சு இலவசம், வீடியோ இலவசம், தினம் தினம் டேட்டா என்றதும் ஊரே கிறுக்குப் பிடித்துத் திரிந்தது. எங்கள் தெருமுனை ரீசார்ஜ் கடையில் நின்றால் ஆளைப் பார்த்தே பிளானைச் சொல்லிவிடலாம். ஒடிசாப் பையன்களுக்கு நாளுக்கு அதிகம் தருகிற பெரிய பிளான், டிவி இல்லாத அறையில் அதுதானே டிவி. ஹாஸ்டல் பெண்கள் கூடிப் பேசி ஒருத்தி போனுக்கு மட்டும் போட்டுவிட்டு, அவளைச் சுற்றி உட்கார்ந்து ஹாட்ஸ்பாட்டில் பிழைப்பார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கோ டேட்டா வேண்டவே வேண்டாம். தோப்பின் ஒரு கோடியில் ஒரு மாநிலம், மறு கோடியில் வேறு மாநிலம் என்று சிக்னல் தாவும்போது காசு பிடிக்காமல் இருந்தால் போதும் அவர்களுக்கு. அக்கா எல்லாவற்றையும் நின்று நிதானமாகக் கேட்டுவிட்டு, தீபாவளி போனஸில் இரண்டு டச் போன் வாங்கினார். ஒன்று தனக்கு, ஒன்று பாறைக்கு.

அங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. அக்காவின் ஊரில் கேழ்வரகைக் குழி வெட்டிக் கொட்டி மூடி வைப்பார்கள். வருஷக்கணக்கில் கெடாது, பஞ்சம் வந்தால் திறப்பார்கள். எதையும் மிச்சம் பிடித்துப் புதைத்து வைத்தால்தான் உண்டு என்று வளர்ந்த உடம்பு அது. ரீசார்ஜ் செய்த அன்றே டேட்டாவை அணைத்துவிட்டார். திங்கள் முதல் சனி வரை தொடவில்லை. பக்கத்தில் நாங்கள் ஆளுக்கொரு சீரியல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கேட்டதற்கு, வாரம் முழுக்கச் சேருகிறது, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற மட்டும் பாப்பாவைப் பார்ப்பேன் என்றார்.

அந்த ஞாயிறு காலை பாறையிலிருந்து வீடியோ வந்தது. அக்கா தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மகள் ஆட்டுக்குட்டியைக் காட்டினாள், நோட்டைக் காட்டினாள், விழுந்த பல் இருந்த ஓட்டையைக் காட்டினாள். பின்னால் பேச முறை பார்த்து நின்றவர்களும் ஆளுக்கொரு முகத்தை நீட்டிக் கன்னடத்திலும் தமிழிலும் விசாரித்தார்கள். மத்தியானத்துக்கு முன்பே படம் உறைந்தது. மகளின் வாய் திறந்தபடி நின்றது, அசையவில்லை. அக்கா பயந்துபோய்ப் போனைத் தட்டினார், உலுக்கினார், பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அப்படியே கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வைத்தது விடிந்தால் போச்சு என்றார். அக்காவுக்கு விளங்கவே இல்லை.

"அன்லிமிட்டெட்னு தானே சொன்னீங்கோ? நான் தொடாம வெச்சது எங்க போச்சு? யாரு எடுத்துக்குனாங்கோ?"

எல்லையில்லாதது என்று பெயர் வைத்துவிட்டு நாளுக்கு ஒரு எல்லை போடுவார்களாம், அது தெரியாதவள் முட்டாளாம்.

பழகியபின் நன்றாகத்தான் போனது. பத்து நிமிஷம் வீடியோ, பிறகு வெறும் பேச்சு என்று அக்கா அளந்து நடத்தினார். அந்த ஞாயிறுகள்தான் அவர் ஓசூரில் வாழ்ந்த வாழ்க்கை, மற்ற நாளெல்லாம் ஒயர் கட்டியதுதான். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும், சடை பின்னும் விதத்தை வீட்டுக்காரருக்குத் திரையிலேயே காட்டியதும் நான் கண்ணால் கண்டவை. அந்த மனிதர் மாட்டுக்குக் கயிறு திரிப்பதைப்போல மகளின் தலையைத் திரித்துக்கொண்டிருப்பார், அக்கா இங்கே தலையில் அடித்துக்கொள்வார்.

பழக்கிவிட்டபின் சிம் கம்பெனிக்காரர்கள் விலையை ஏற்றினார்கள். ஒருமுறை ஏற்றினார்கள், ஊர் முணுமுணுத்துவிட்டுக் கட்டியது. மறுபடியும் ஏற்றினார்கள். சம்பளத்துக்கு மாதம் என்றால் முப்பது நாள், ரீசார்ஜுக்கு மட்டும் மாதம் இருபத்தெட்டு நாள். அந்த ரெண்டு நாள் யார் வீட்டுக்குப் போகிறது என்று அக்கா கேட்பார். முன்பெல்லாம் காசு போடாவிட்டாலும் வருகிற அழைப்பு வரும். இப்போது பாறையிலிருந்த போனுக்கும் தவறாமல் போட்டாக வேண்டும், இல்லையென்றால் அக்கா கூப்பிட்டாலும் அது வாய் திறக்காது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு பிளான் இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டுப் பார்த்தார். இல்லை. யானையைத்தான் விற்பார்களாம், ஒரு ஆள் உட்காருகிற இடத்தை மட்டும் விற்க மாட்டார்களாம்.

இரண்டு போனுக்கும் கட்ட வேண்டும், வாடகையும் ஏறிவிட்டது. அக்கா ஓவர்டைமுக்குப் பெயர் கொடுத்தார். எங்கள் கம்பெனியில் ஓவர்டைம் என்பது ஞாயிற்றுக்கிழமைதான். பேசுவதற்குக் காசு கட்ட, பேசுகிற நாளையே விற்றார் அக்கா. இதைவிடப் பெரிய அநியாயம் எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு வாரம்தான், மூன்று வாரம்தான் என்று ஆரம்பித்தது, பிறகு யாரும் எண்ணவில்லை. மகள் பாறையில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறாள் என்று வீட்டுக்காரர் சொல்வார். வேலை முடித்து இருட்டியபின் அக்கா கூப்பிடும்போது பாறையில் ஆள் இருக்காது. வேண்டாம் அக்கா, ஒரு ஞாயிறாவது லீவு போடுங்கள் என்று நான் சண்டையே போட்டிருக்கிறேன். லீவு போட்டால் ரீசார்ஜ் நின்றுவிடும், நின்றுவிட்டால் எதில் பேசுவது என்பார்.

கொரோனா வந்தது, பள்ளிக்கூடம் போனுக்குள் போனது. பாறையில் உட்கார்ந்து எத்தனை பிள்ளைகள் படிக்கும்? யார் யாரோ மனு கொடுத்து, அலைந்து, கடைசியில் அக்காவின் ஊர்ப் பக்கம் ஒரு டவர் எழுந்தது. அன்றைக்கு அக்கா எங்கள் லைன் முழுவதற்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். இனிப் பாறை வேண்டாம், வெயில் வேண்டாம், ஓவர்டைம் முடித்து வந்தும் பேசலாம், வீட்டுக்குள்ளேயே பாப்பா இருப்பாள் என்றார். மகளுக்கென்று தனிப் போன் வந்தது, தனி பிளான் வந்தது. அதற்கும் சேர்த்து உழைத்தார்.

வீட்டுக்குள்ளேயேதான் இருந்தாள் மகள். முதல் சில வாரம் முகம் தெரிந்தது. பிறகு போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அப்பாவின் போனில் வேறெதையோ பார்ப்பாள், அக்காவுக்குப் பாதி நெற்றியும் ஓட்டுக் கூரையும் தெரியும். சாப்பிட்டியா? ம். படிச்சியா? ம். பாறையில் நிற்கும்போது பின்னால் ஆள் காத்திருக்கும், சீக்கிரம் சீக்கிரம் என்று மூச்சு விடாமல் ஒரு வாரத்துக் கதையைக் கொட்டிய பிள்ளை அது. இப்போது நேரம் கொட்டிக் கிடந்தது, சொல்லத்தான் ஒன்றும் இல்லை. வயசுக்கு வந்த பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நீயுமா இப்படிப் பேசுகிறாய் என்று இருந்தது.

வயது ஏறியதும் காண்டிராக்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. சின்னச் சின்ன ஒயரைக் கோக்க இளம் கண் வேண்டுமாம். அக்கா அழவில்லை, ஊருக்குப் போகிறோம் என்ற நிம்மதிகூட இருந்தது. இனி மகளோடு இருக்கலாம் என்று பெட்டி கட்டினார். மகள் அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். அக்கா ஊர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் கம்பெனி வேன் அஞ்செட்டிக்குப் போனது. இளம் கண்ணாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்தது, அதில் அக்காவின் மகளும் ஒருத்தி. தாய் போய் மகள் வந்தாள்.

நல்ல பெண். கை வேகம் அப்படியே அக்காவுடையது. சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்புகிறாள், அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் போடுவதும் அவள்தான், ஒருநாள் பிந்த மாட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லீவு நாளில் ஹாஸ்டல் சோறு பிடிக்காமல் என் வீட்டுக்குச் சாப்பிட வருவாள், சின்னம்மா என்று கூப்பிடுவாள்.

போன வாரமும் வந்திருந்தாள். தட்டில் சோறு, இடது கையில் போன், ஒன்று மாற்றி ஒன்றாக வீடியோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு அழைப்பு குறுக்கே வந்தது. கட்டை விரலால் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டேன். அம்மா என்றாள். எடுத்து ஒரு வார்த்தை பேசினால் என்ன என்றேன். அவள் முகத்தில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அன்லிமிட்டெட் தானே சின்னம்மா. திரும்ப கூப்புடுவாங்கோ."

அவள் சொன்னது சரிதான், திரும்ப வந்தது. திரும்பவும் ஒதுக்கினாள். கொஞ்சம் பொறுத்து என் போன் அடித்தது. பாப்பா அங்கே வந்திருக்கிறாளா, சாப்பிட்டாளா என்று அக்கா கேட்டார். சாப்பிடுகிறாள், போனைக் கொடுக்கட்டுமா என்றேன்.

"வேணாம், விடு. சாப்புடட்டும். நான் பேசினா அவளுக்குத் தொந்தரவு."

சரி அக்கா என்றேன். அவர் போனை வைக்கவில்லை. எனக்கும் வைக்க மனமில்லை. காசு ஓடுகிறதே என்ற பயம் இருவருக்கும் இல்லை. அக்கா மூச்சு விடுவது கேட்டது, எங்கோ ஒரு மாடு கத்தியது. என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.