திரையில் 400, ஓடுவது 533: செங்கல்பட்டிலிருந்து நெம்மேலிக்கு ஒரு நாள்

போன செவ்வாய்க்கிழமை நான் நெம்மேலிக்குப் போனது கடல் பார்க்க அல்ல, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. அங்கே இறால் குஞ்சுப் பண்ணை வைத்திருக்கும் குமார் அண்ணனுக்கு நான் செய்து கொடுத்த கட்டுப்பாட்டுப் பெட்டி, பத்து நாளாக தினமும் உச்சி வெயில் நேரத்தில் இயங்காமல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் காற்று மோட்டாரை ஓட்டுவதுதான் அதன் வேலை. அது நின்று, யாரும் கவனிக்காமல் விட்டால் தொட்டியோடு குஞ்சுகள் செத்துவிடும்.

செங்கல்பட்டில் காலை 7.10க்கு பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் முப்பது கிலோமீட்டர், 8.20க்குப் போய்விடலாம். முன் சீட்டில் மட்டும் உட்காராதீர்கள், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அங்கிருந்து நெம்மேலிக்கு ஆட்டோ, முந்நூறு ரூபாய்.

"பையில இன்னா மேடம், இவ்ளோ கெட்டியா புட்ச்சிகினு கீற?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஆசிலாஸ்கோப். கரண்ட் எவ்வளவு வேகமா துடிக்குதுன்னு காட்டும்."

"அட, ஈசிஜி மிஷினு!"

இத்தனை வருஷத்தில் எனக்கே தோன்றாத விளக்கம்.

பண்ணை வாசலிலேயே குமார் அண்ணன் நின்றிருந்தார். "இன்னிக்கும் நின்னு போச்சுன்னா பெட்டிய கழட்டி எட்த்துகினு போய்டு மேடம்." கோபமில்லை, களைப்பு. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

பெட்டிக்குள் இருக்கும் ப்ராசஸர் போர்டின் மெமரி, 400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தாங்காது. போர்டு ஆன் ஆகும்போதெல்லாம் திரையிலும் 400 என்றுதான் வரும். அதை நம்பி இத்தனை நாள் வெயிலையும் உப்புக்காற்றையும் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை நேரிலேயே அளந்து பார்ப்பது என்று முடிவு. மெமரியின் வேகத் துடிப்பைப் பதினாறால் வகுத்து, ‘பின்’ எனப்படும் ஒரு உலோகக் கால் வழியாக வெளியே விட இந்த ப்ராசஸரில் வசதி உண்டு. 400 என்றால் அங்கே 25 வர வேண்டும். ஸ்கோப்பின் முனையை வைத்தேன். 33.3! அப்படியானால் மெமரி ஓடுவது 533இல்! கத்தியே விட்டேன்.

"இன்னா மேடம், ஷாக் அட்ச்சிடுச்சா?"

அடித்தது உண்மைதான். பழைய வேக மெமரி கிடைக்காமல் மெதுவானதற்கு மாறியபோது, திரையில் வரும் எண்ணை 400 என்று திருத்தியவள் நான். ப்ரோக்ராமில் வேகத்தை நிர்ணயிக்கும் வரியைத் திருத்த மறந்தவளும் நானே. காலையில் சமாளித்த மெமரி, சூடு ஏறியதும் கையை விரித்திருக்கிறது.

11.05க்கு அந்த வரியைத் திருத்தினேன். பின்னில் 25.0. துள்ளிக் குதிக்காத குறை! "தப்பு என்னோடதுதான் அண்ணா" என்றேன்.

"அப்போ வெயில் மேல தப்பு இல்ல?"

"இல்ல."

அவர் மோட்டாரையே பார்த்தார். பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்கு: தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும். வகுத்து அளப்பதால் நூறு மெகாஹெர்ட்ஸ் கையடக்க ஸ்கோப் போதும். திரையில் வருவது நாம் எழுதியது, பின்னில் வருவதுதான் நடப்பது. இதைப் பத்து நாள் முன்பே செய்திருக்கலாமே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

1.40க்கு குமார் அண்ணன் சாவியை எடுத்தார். "பத்து நாளா தொட்டி பக்கத்துலயே உக்காந்து சோறு துன்னுகினு இருந்தேன் மேடம். வா, நீயும் வூட்டுக்கு வந்து துன்னுட்டுப் போ." தொட்டிப் பக்கம் ஒரு ஆளும் இல்லாமல், பண்ணையைப் பூட்டிவிட்டு நடந்தார்.