குதிரைக்கு உப்புப் பார்த்தவன்

சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையை வளர்த்தவர்களுக்கு என் பிழைப்பு புரியும்: ஐம்பதுகளில் தொடங்கிப் பெங்களூரில் ஒரு ரேஸ் லாயத்தில் குதிரைகளுக்குத் தீனி வைத்தேன். ஓட்ஸ், கொள்ளு, தவிடு எல்லாம் அளந்து வைத்துவிடலாம். தின்ன வைப்பதுதான் பாடு.

முதலாளியின் தலை

சுல்தான் என்ற குதிரை காலை ஓட்டம் முடிந்து வந்தால் உடம்பெல்லாம் நுரையாக வியர்த்திருப்பான். கொஞ்ச நாளாகச் சுவரை நக்கினான், வாளிப் பிடியை நக்கினான், என் சட்டைக் கையைச் சப்பினான். விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி மல்லேஸ்வரத்திலிருந்து வெயிலில் வந்தார். மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் குளம்பைப் பார்க்கக் குனிந்தார். வழுக்கையில் ஒரே நக்கு! நான் ஓடிப்போய்ச் சுல்தானை இழுத்துப் பிடித்தேன். வியர்வையில் போன உப்பைத் தேடுகிறது என்றார் கூட வந்த குதிரை டாக்டர். முதலாளி துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைலேருந்து தீனியில உப்பு கொஞ்சம் ஜாஸ்தி போடுப்பா, என் தலை தாங்காது."

மெட்ராஸ்காரி

ராணி என்ற பெண் குதிரை மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தாள். வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. புது ஊர்த் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் லத்தி கல்லாகிவிட்டது. குடல் கட்டிக்கொண்டால் குதிரை பிழைப்பது கஷ்டம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் வெல்லத்தைக் கரைத்து வாளியை நீட்டினேன். உதட்டை நனைத்தாள், யோசித்தாள், பிறகு உறிஞ்சினாளே, அந்தச் சத்தத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்து லாயத்து பாஷா பாய் எட்டிப் பார்த்தார்: "அரே, பானகம் கரைச்சு வெச்சாத்தான் குடிப்பாளா உங்க ஊர்ப் பொண்ணு?"

ரேஸ் நாள்

ட்ரெயினருக்கு ஒரு பிடிவாதம்: ரேஸ் அன்று விடிந்ததிலிருந்து தண்ணீர் கூடாது, வயிறு கனத்தால் கால் ஓடாது. வைகாசி வெயில். ராணியின் விலா ஒட்டிப்போயிருந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று நாலைந்து தடவையாக அரை வாளி கொடுத்தேன். திரும்பினால் பின்னால் ட்ரெயினர்! வாளியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராணி இரண்டாவதாக வந்தாள். ஜெயித்த குதிரை தள்ளாடித் தள்ளாடி வந்தது; இவள் நிமிர்ந்து நடந்து வந்தாள். ட்ரெயினர் அவள் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அடுத்த தடவையும் நான் பாக்காதப்போ குடு."

ஆஸ்டின் டவுனில்

லாயத்தில் குதிரைக்குக் காய்ச்சும் கஞ்சியை நான் வாயில் வைத்து உப்புப் பார்ப்பது ஆஸ்டின் டவுன் வீடுவரை தெரிந்துபோயிற்று. ஒரு நாள் மத்தியானம் குழம்பை வழித்துச் சாப்பிட்டு எழுந்தேன். என் மனைவி சொன்னாள்: "வேணும்னுதான் இன்னிக்கு உப்பே போடல, குதிரையா இருந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிட்டிருக்கும்."

பதினைந்து வருஷம் குதிரைகளுக்குத் தண்ணி காட்டினேன் என்றுதான் ஊரில் சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் அவைதான் எனக்குக் காட்டின.