எல்வுட் வாங்கிய நாற்பது

மொன்டானா சட்டமன்றத்தில் வெர்னா டோலஃப்சனைக் கண்டால் உறுப்பினர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? கூட்டத்தொடர் முடிந்ததும், யார் யார் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று பார்த்து, நதிக் காவலர் சங்கத்தின் சார்பில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுகிறவள் அவள்தான். பார்வையாளர் மாடத்தில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருப்பாள். கை பின்னிக்கொண்டிருக்கும், கண் ஓட்டுப் பலகையில் ஆதரவுக்கு எரியும் பச்சையிலும் எதிர்ப்புக்கு எரியும் சிவப்பிலும் இருக்கும்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. விழுந்த ஓட்டு விழுந்ததுதான். மனைவிக்குப் பிரசவம், பனியில் வண்டி சிக்கிக்கொண்டது, பொத்தானை மாற்றி அழுத்திவிட்டேன் என்று எத்தனையோ பேர் வந்து கெஞ்சியிருக்கிறார்கள். ஒருவருக்கு வளைந்தால் நாளைக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுவாள்.

எல்வுட் ஹேன்ஸ்ஃபோர்டுக்காக மட்டும் அவளே வளைந்தாள். எல்வுட் கிழக்குப் பக்கத்து உறுப்பினர், மாட்டுப் பண்ணைக்காரர். அவர் கட்சியில் நதி என்றாலே முகம் சுளிப்பார்கள். இவர் சத்தமில்லாமல் நதிக்கு ஓட்டுப் போடுவார். கோடையில் மீன்களுக்கென்று ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவைக்கும் மசோதா அந்த வருஷம் வந்தது. அது தோற்கப் போகிறது என்று தெரிந்ததும், எல்வுட் கடைசி நொடியில் தன் பச்சையைச் சிவப்பாக மாற்றினார். ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் மறுநாள் எழுந்து, இதை மறுபடி எடுங்கள் என்று கேட்க முடியும். சபையின் விதி அப்படி. மறுநாள் கேட்கவும் செய்தார். குரல் ஓட்டிலேயே அமுக்கிவிட்டார்கள். பதிவில் மிஞ்சியது அந்தச் சிவப்பு மட்டும். சங்கம் அந்த மசோதாவுக்கு இரட்டை மதிப்பு வைத்திருந்ததால், எண்பது வாங்க வேண்டிய மனிதர் நாற்பதுக்கு இறங்கிவிட்டார்.

வெர்னாவுக்குத் தாங்கவில்லை. நல்லது செய்யப் போனவருக்கு இதுவா கூலி என்று சங்கத் தலைவர் ப்ரைஸ் ஓகில்வியிடம் மல்லுக்கு நின்றாள். போட்டுத் தொலையுங்கள் எண்பது என்று கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

ஓட்டமும் நடையுமாக எல்வுட்டைத் தேடிப் போனாள். சட்டமன்றத்து உணவகத்தில் மாட்டுக்கறி சூப் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“வெர்னா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த நாப்பதை அப்படியே விட்டுடுங்க.”

“நீங்க எதுக்கு அந்தப் பொத்தானை அமுக்குனீங்கன்னு எனக்குத் தெரியாதா எல்வுட்?”

“உங்களுக்குத் தெரியும். எங்க ஊர்க்காரனுக்குத் தெரிய வேண்டாம். அடுத்த ஜூன்ல யாரு வேட்பாளர்னு கட்சிக்குள்ள தேர்தல். எண்பதுன்னு போட்டீங்கன்னா எதிர்த்து நிக்கிறவன் அதை வீட்டுக்கு வீடு அனுப்புவான். நான் தொலைஞ்சேன். அவன் வந்து உக்காந்தா ஆத்துல கால் நனைக்கக்கூடத் தண்ணி இருக்காது.”

“எங்க ஆளுங்க உங்களைக் கரிச்சுக் கொட்டுவாங்களே.”

“கொட்டட்டும். உங்க ஆளுங்க எங்க ஊர்ல ஓட்டுப் போடுறதில்லையே, தாயே.”

விதி விதிதான், நாற்பதே இருக்கட்டும் என்று மறுநாள் ஓகில்வியிடம் போய்ச் சொன்னாள். நேற்று அந்த ஆளுக்காக என்னைக் குதறினீர்களே என்று அவர் குடைந்தார். காரணத்தைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் தலைநகர் ஹெலெனா முழுக்கப் பரவிவிடும். அதனால், விழுந்த ஓட்டு விழுந்ததுதான் என்று பழைய பாட்டையே பாடினாள்.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மதிப்பெண்களை வாசிப்பதும் அவள் வேலைதான். எல்வுட் பெயருக்கு நேரே நாற்பது என்றதும் கூட்டம் கூச்சல் போட்டது. முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்தார். “நீங்க அன்னைக்கு மாடத்துல இருந்தீங்களே வெர்னா. அந்த ஆளு நெஜமாவே சிவப்பைத்தான் அமுக்கினாரா?”

“ஆமா. சிவப்புதான். என் கண்ணால பாத்தேன்.”

ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் அதைப்போல எதுவும் அவளுக்குக் கசந்ததில்லை. அடுத்த பெயரை வாசித்தாள்.

ஜூனில் எல்வுட் ஜெயித்த செய்தி வந்தது. நதிக்குத் துரோகம் செய்தவன் ஜெயித்துவிட்டானே என்று சங்க அலுவலகத்தில் எல்லோரும் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வெர்னா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் சந்தோஷத்தில் அழுதாள்.