கடைசிப் பாகமும் என் கைராசியும்

விண்வெளிக் கப்பல் சுடும் விளையாட்டு ஒன்றின் கடைசிப் பாகம் மட்டும் நன்றாக இருந்திருந்தால், என் அண்ணன் இன்று பதுளையில் இருந்திருப்பான் என்று நினைக்கிறேன். அசட்டு நினைப்புத்தான். ஆனால் இத்தனை வருடம் யோசித்தும் அதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் கொழும்பில் கடை வேலை செய்தான். ஒரு தீபாவளிக்கு, முதலாளி வீட்டில் கழித்துப்போட்ட டிவி கேமையும் ஒரு கேசட்டையும் சுமந்துகொண்டு மடுல்சீமைக்கு வந்து சேர்ந்தான். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு அப்போது கரண்ட் இல்லை. கறுப்பு வெள்ளை டிவி, பெட்டரியில்தான் ஓடும். அந்தப் பெட்டரியை டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, ஏற்றத்தில் தோளில் தூக்கி வருவது அண்ணன் பாடு. சார்ஜ் இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கும். கடைசியில் தீப்பெட்டி அளவு வானத்தில் சுட்டுக்கொண்டிருப்போம்.

எதிரிக் கப்பல்கள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் நிற்பதுபோல வரிசையாக வரும். நடுவே ஓர் உருண்டை மிதந்து வரும். அதைப் பிடித்தால் புது ஆயுதம். சில உருண்டை விசிறிபோல நாலாபக்கமும் சுடக் கொடுக்கும், சிலது ஊசிபோல ஒற்றைக் கோடு. எது எதைக் கொடுக்கும் என்று சொல்ல வழியில்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அண்ணன் பிடித்தபோதெல்லாம் ஊசி. நான் பிடித்தேன், விசிறி. மறுபடி பிடித்தேன், மறுபடி விசிறி.

"ஒனக்குக் கைராசி இருக்கு தங்கச்சி," என்றான்.

அன்றிலிருந்து உருண்டை தலைகாட்டியதும் கப்பலை ஓட்டும் கட்டையை என் கையில் கொடுத்துவிடுவான். தப்பாக அமைந்தால் நான் மனசு வைக்கவில்லை என்பான். பொங்கலுக்கு இரண்டாம் பாகம், அடுத்த வருடம் மூன்றாம் பாகம் என்று கேசட் வந்துகொண்டே இருந்தது. கட்டையும் என் கைக்கு வந்துகொண்டே இருந்தது.

பிறகு நான் உயர்தரம் படிக்கப் பதுளைக்குப் போனேன். அங்கே கூடப் படித்தவள் வீட்டுக் கலர் டிவியில் அதே விளையாட்டைப் பார்த்தேன். உருண்டைகள் சிவப்பும் நீலமுமாக வந்தன. சிவப்பு விசிறி, நீலம் ஊசி. ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. லீவுக்குப் போனதும் அண்ணனிடம் சொல்லத்தான் இருந்தேன். அவன் கட்டையை நீட்டினான், வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் என்னை எதிர்பார்த்து நடந்த ஒரே காரியம் அது. விட மனமில்லை.

விளையாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் இரண்டு கடித உறைகளை என் முன்னால் பிடித்தான். ஒன்று தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை, மற்றது வெளிநாடு. "ஒன்னத் தொடு," என்றான். வெளிநாட்டு உறை வழுவழுவென்று இருந்தது. தொட்டேன். ஐந்து வருடம் பாலைவனத்தில் மூட்டை தூக்கினான். அப்பா இறந்ததற்கு வர முடியவில்லை. திரும்பியவனால் குனிந்து செருப்புப் போட முடியவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டேன், இன்றுவரை.

அதற்குள் நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. லயத்துக்குக் கரண்ட் வந்திருந்தது, வீட்டில் பழைய கொம்பியூட்டர் ஒன்றும் இருந்தது. அண்ணன் வரும் வழியில் அந்தத் தொடரின் சிடி ஒன்று வாங்கி வந்தான். இதுவே கடைசிப் பாகம் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை இரண்டு கதிரைகளைப் போட்டான். சட்டைப் பையில் இரண்டு உறைகள் தெரிந்தன. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மறுபடி கூப்பிட்டிருந்தது. பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையிலும் ஆள் கேட்டிருந்தார்கள்.

"கேம் முடியட்டும். பெறகு நீ ஒன்னத் தொட்டுச் சொல்லணும்," என்றான்.

எதைத் தொடுவது என்று நான் ஏற்கனவே முடிவு செய்திருந்தேன். பதுளை உறையின் மூலையில் எண்ணெய்க் கறை இருந்தது. அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

விளையாட்டு மகா மோசம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் யார் யாரோ தோன்றி இங்கிலீசில் பேசித் தீர்த்தார்கள். கப்பல் வெடித்தால் வெடித்த இடத்திலேயே மறுபடி முளைத்தது. சாவே இல்லாத விளையாட்டில் எதற்குப் பயப்படுவது? பழைய எதிரிகள் ஒருவரும் இல்லை. அண்ணன் முதுகை மாற்றி மாற்றி வைத்து உட்கார்ந்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"ஆமாண்ணே," என்றேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல இருந்தது.

மூன்று மணி நேரம் ஓடியது. நன்றாக இருந்திருந்தால் அவன் கண் எதிரிகள் மேல் இருந்திருக்கும். சலித்துப்போனவன் உருண்டைகளைப் பார்க்கத் தொடங்கினான். ஒரு சிவப்பு, விசிறி. ஒரு நீலம், ஊசி. மறுபடி சிவப்பு, மறுபடி விசிறி. கீபோர்டை என் பக்கம் தள்ளப் போன கை நின்றது. விளையாட்டை நிறுத்தினான்.

"பழசுலயும் இப்பிடித்தானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு நேரம் 'நல்லாத்தான் இருக்கு' என்று நடித்ததில் எனக்கு இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை.

"ஆமாண்ணே."

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"பதுளைக்குப் படிக்கப் போனதுலேர்ந்து."

கணக்குப் பார்த்தான் போலிருக்கிறது. படிக்கப் போனது முதலில், வெளிநாட்டு உறை பிறகு. திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். விளையாட்டைத் திரும்ப ஓடவிட்டு, கீபோர்டைத் தன் மடியிலேயே வைத்து முடித்தான். கடைசி எதிரி இரண்டு நிமிடத்தில் செத்தது. நன்றி என்று ஒரு வரி வந்தது, அதற்குப் பிறகு கறுப்புத் திரை.

"இவ்வளவுதானா," என்றான். எழுந்து சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான்.

"அந்தக் கவரு..." என்றேன்.

"நானே பாத்துக்கிறேன் தங்கச்சி."

திங்கட்கிழமை ஏஜென்சி உறையோடு கொழும்பு பஸ் ஏறினான். எண்ணெய்க் கறை பட்ட உறை கொம்பியூட்டர் மேசையில் கிடந்தது. போகாதேண்ணே என்று வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். விரலால் தொட்டால் போதும் என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டேன், பஸ் புறப்படும்வரை அந்த வார்த்தை வரவில்லை.