தூக்கி அடிப்பதா, தரையில் ஆடுவதா

எனக்கு வாய் ஜாஸ்தி. இப்போதும் அப்படித்தான். ஆனால் தொண்ணூற்றொன்றில் அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை, பெரிய சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கால்தான் வராது. நான் பந்தை உதைத்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. அதனால் எங்கள் ஊர் ஃபுட்பால் டீமில் எனக்கு ஒருநாளும் இடம் கிடைத்ததில்லை. டீமைப் பற்றிப் பேசுவதில் மட்டும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு நினைப்பு.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே நின்றுகொண்டிருந்த பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த டீம் அது. ஜில்லா லீக்கில் மூன்றாவது டிவிஷன், அதாவது கடைசி டிவிஷன். பத்து வருஷமாக அங்கேயே கிடந்தோம். அந்த வருஷம்தான் எப்படியோ முண்டியடித்து மேலே வந்திருந்தோம். முதல் இரண்டு இடங்களுக்குள் முடித்தால் இரண்டாவது டிவிஷனுக்கு ஏறலாம். ஊரில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பொய். எனக்கு இறங்கவில்லை.

நின்று பேச முடியாத வருஷம் வேறு. மே மாசம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்குப் பிறகு ரோட்டோரம் நாலு பேர் சேர்ந்து நின்றால் ஜீப் வந்து நிற்கும். யார், எந்த ஊர், இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தோம், எடுபடவில்லை. அதனால் நாங்கள் நடந்துகொண்டே பேசினோம், சைக்கிள் மிதித்துக்கொண்டே பேசினோம். நான் வேலை பார்த்த வார்ப்படக் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இருந்தது. காலை ஷிஃப்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சைக்கிள் சேர்ந்து போகும். வடக்குப்பட்டு தாண்டுவதற்குள் சண்டை சூடு பிடித்துவிடும்.

சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். பந்தைத் தூக்கி அடிப்பதா, தரையில் ஆடுவதா.

எங்களுடையது தூக்கி அடிக்கிற டீம். அதற்குக் காரணம் எங்கள் ஏரி. ஊரில் மைதானம் என்று தனியாக ஒன்று கிடையாது. பங்குனியில் தண்ணீர் வற்றியதும் ஏரிக்குள் இறங்கித்தான் பிராக்டீஸ். களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்தத் தரையில் பட்ட பந்து யார் பேச்சையும் கேட்காது. இடது பக்கம் போக வேண்டியது வலது பக்கம் ஓடும், இல்லையென்றால் வெடிப்பில் சிக்கி நின்றுவிடும். அதனால் பந்து கீழே விழுவதற்குள் அடித்துவிட வேண்டும். அந்த வேலையில் அண்ணனுக்கு நிகர் அண்ணன்தான்.

அண்ணன் என்றால் என் கூடப் பிறந்தவர், எட்டு வயசு மூத்தவர். டீம் ஆரம்பித்த நாளிலிருந்து ஸ்டாப்பர் பேக், கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். உயரத்திலிருந்து இறங்குகிற பந்தைப் புறங்காலில் வாங்கி அடித்தார் என்றால் அது எதிர் டீம் பாதியைத் தாண்டிப் போய் விழும். அடிக்கிற சத்தத்துக்கு ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வருஷம் அவருக்கு முப்பத்திநாலு. மேட்ச் ஆடிய மறுநாள் முட்டி வீங்கிக்கொள்ளும். அண்ணி திட்டித் தீர்ப்பார். டீமை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார். பத்து வருஷம் கடைசி டிவிஷனில் உதைபட்ட மனுஷனுக்கு அது ஒன்றுதான் ஆசை, டீம் மேலே ஏறுகிற அன்றைக்கு மைதானத்துக்குள் நிற்க வேண்டும்.

எனக்கு அது தெரியும். நன்றாகவே தெரியும்.

ஆனால் முந்தின வருஷம் கம்பெனி கேன்டீன் டி.வி.யில் உலகக் கோப்பை பார்த்ததிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. அங்கே காலுக்குக் கால் கொடுத்து, கொடுத்த இடத்திலேயே திரும்ப வாங்கி, ஏதோ வீட்டுக் கூடத்தில் நடமாடுகிற மாதிரி ஆடினார்கள். நாமும் அப்படி ஆடினால்தான் உருப்படுவோம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசிக்கு முந்தின மேட்ச் வரை.

அந்த மேட்சில் எதிர் டீமில் இரண்டு நெட்டையான பேக். அண்ணன் தூக்கி அடித்த பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். மறுநாள் சைக்கிளில் நான் ஆரம்பித்துவிட்டேன். கடைசி மேட்சில் ஜெயித்தால் இரண்டு பாய்ன்ட், ட்ரா ஆனால் ஒன்று. ஒன்று கிடைத்தாலே நாம் ஏறிவிடுவோம், தோற்றால் இன்னொரு பத்து வருஷம் இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று கணக்குச் சொன்னேன். பந்தை ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த ஒரு பாய்ன்டும் வராது என்றேன்.

என்னோடு மல்லுக்கு நின்றவர், அந்தப் பக்கம் வேலைக்கு எங்களோடு சைக்கிளில் வருகிற எங்கள் ஊர்க் கொத்தனார். அவருக்கு அண்ணன் ஆட்டம் என்றால் உயிர்.

"தரைல ஆடணும் தரைல ஆடணும்ன்றியே, நம்ம தரை இன்னா மொசைக்காடா?" என்றார். "நானே பாலிஷ் போட்டு வச்சா மாதிரி பேசற."

சைக்கிளெல்லாம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைசி மேட்ச் நம் ஏரியில் இல்லை, வாலாஜாபாத் பள்ளிக்கூட மைதானத்தில், அங்கே தரை மட்டம் என்றேன். தூத்துக்குடியிலிருந்து எங்கள் கம்பெனிக்கு ஃபிட்டராக வந்திருந்தவன் டீமில் பேர் கொடுத்துவிட்டு வருஷம் பூராவும் வெளியேதான் உட்கார்ந்திருந்தான். கடற்கரை மணலில் பந்து பழகியவன், தரையில் அழகாக ஆடுவான். அவனை ஸ்டாப்பராகப் போட வேண்டும் என்றேன்.

"அப்ப உங்கண்ணன் இன்னா பண்றது?"

மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னேன். "வயசாயிடுச்சி. உக்கார வேண்டியதுதான்."

பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். கொத்தனார் சைக்கிளை மெதுவாக்கிப் பின்தங்கிவிட்டார். சண்டையில் ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

இரண்டு வாரம் அதையே பேசிப் பேசி ஊரில் பாதியை என் பக்கம் இழுத்துவிட்டேன். வீட்டில் அண்ணனும் நானும் ஒரே பானையில் வடித்த சோற்றைத்தான் சாப்பிட்டோம். இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அவர் காதுக்கு வந்திருக்காது என்று நம்பினேன். அந்தச் சின்ன ஊரில் அது எப்படி வராமல் இருக்கும்? சாப்பிடும்போது அவர் தலை நிமிர்ந்தால் நான் தட்டைப் பார்த்தேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது.

மேட்சுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. எங்கள் கேப்டனும் அதே கம்பெனியில்தான் மெஷின் ஷாப்பில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து கேட்டில் என்னைப் பிடித்தார்.

"நீ சொல்றது ரைட்டுதான். தூத்துக்குடிக்காரன போட்டுடறேன்" என்றார். "ஆனா உங்கண்ணனாண்ட நான் சொல்லமாட்டேன். நீதான வாய தொறந்த, நீயே சொல்லு."

எங்கள் டீமில் மொத்தமே பதினோரு ஜெர்சி. மேட்ச் முடிந்ததும் அவரவர் ஜெர்சியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து வைத்துக்கொள்வார்கள். ஒருவரை நிறுத்துகிறார்கள் என்றால் அவர் அதை அடுத்த ஆள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அதுதான் வழக்கம், வேறு பேச்சு கிடையாது. நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணனுடைய அஞ்சாம் நம்பர் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் கடைக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் அதை உருவி, மடித்து, சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்காரன் தங்கியிருந்த ரூமுக்குப் போய்விட்டேன். சொல்வதற்குத் துணிச்சல் இல்லாதவனுக்கு எடுப்பதற்கு மட்டும் எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

அவன் ஜெர்சியைக் கையில் வாங்காமல் என்னையே பார்த்தான். "அண்ணன்ட்ட கேட்டாச்சா?" என்றான்.

கேட்டாயிற்று என்று சொன்னேன்.

"அப்பம் சரி. ஆடுதேன்" என்று வாங்கிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது அண்ணன் வாசலில் நின்று வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், ஓங்கி ஒன்று வைப்பார் என்று எதிர்பார்த்தேன். வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாருக்கு?" என்றார்.

தூத்துக்குடிக்காரனுக்கு என்றேன்.

"ஒசரமா கீறான். தோளாண்ட புடிக்கும். தையல பிரிச்சு வுட்டுக்க சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாடகை வேனில் கிளம்பினோம். அண்ணன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஏறினார். வெளியே உட்காருகிற ஆட்களின் லிஸ்டிலாவது பேர் கொடுங்கள் என்று கேப்டன் கெஞ்சினார். வேண்டாம், நான் மேட்ச் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மைதானத்தில் கொத்தனார், நான், அண்ணன் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் கோட்டோரமாக உட்கார்ந்தோம். முதல் பாதியைப் பற்றி நான் என்ன சொல்வது? கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. தூத்துக்குடிக்காரன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தான். எங்கள் ஆட்கள் தரையில் பாஸ் போட்டே போய் ஒரு கோல் அடித்தார்கள். நான் துள்ளிக் குதித்துக் கொத்தனாரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். அண்ணனும் கை தட்டினார். மனசார தட்டினார், அதையும் பார்த்தேன்.

இரண்டாவது பாதியில் கார்னரிலிருந்து அவர்கள் ஒன்று போட்டுச் சமன் செய்துவிட்டார்கள். ட்ரா எங்களுக்குப் போதும், அவர்களுக்குப் போதாது. அதனால் எல்லோருமாக எங்கள் கோல் மேல் வந்து விழுந்தார்கள். மேட்ச் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். எங்கள் ஆட்களுக்கு மூச்சு வாங்கியது. அப்போதும் தூத்துக்குடிக்காரன் கோலுக்கு எதிரிலேயே சின்னச் சின்னப் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். ஒன்றை அவர்கள் பறித்து அடிக்க, எங்கள் கோல்கீப்பர் விழுந்து எப்படியோ தள்ளிவிட்டார். பந்து திரும்ப அவன் காலுக்கே வந்தது. இரண்டு பேர் அவனை நோக்கி ஓடி வருகிறார்கள். அவனோ பாஸ் கொடுக்க ஆள் தேடுகிறான்.

நான் எழுந்து நின்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"தூக்கி அடிடா! தூக்கி அடி!"

அவன் என் குரலைக் கேட்டுத் தூக்கி அடிக்கத்தான் பார்த்தான். பந்து கால்விரல் நுனியில் பட்டுச் சறுக்கிப் பக்கத்துக் கோட்டுக்கு வெளியே போயிற்று. கொத்தனார் என்னைப் பார்க்காமல் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே கீழே பார்த்தேன். அண்ணன் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை.

"அவனுக்கு அது வராதுடா" என்றார். "எனக்குதான் வரும்."

எழுந்து, பின்பக்கம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். மேட்ச் இன்னும் முடியவில்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். அவ்வளவு பேசின வாய், அப்போது ஒரு "அண்ணா" வரவில்லை.

விசில் ஊதியபோது ஒன்றுக்கு ஒன்று. ஏறிவிட்டோம். கேப்டனைத் தூக்கினார்கள், தூத்துக்குடிக்காரனைத் தூக்கினார்கள், என்னைக்கூட இரண்டு பேர் வந்து கட்டிப்பிடித்தார்கள், நீ சொன்ன ஆட்டம்தான்டா என்றார்கள். பத்து வருஷம் இதற்காகக் காத்திருந்தவர் இதைப் பார்க்கவில்லை.

வேன் வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது அண்ணன் அங்கே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கத்திக் கூப்பிட்டு வேனை நிறுத்தினார்கள். ஏறியதும் முதலில், "இன்னா ஆச்சு?" என்றுதான் கேட்டார். சொன்னார்கள். கேப்டன் கையைப் பிடித்துக் குலுக்கினார். தூத்துக்குடிக்காரன் தோளைத் தட்டிக்கொடுத்தார். சிரித்தார்.

காலியாக இருந்தது ஒரே ஒரு சீட், என் பக்கத்தில். உட்காரு, உட்காரு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பரவால்ல என்றார். வேனின் கூரை தாழ்வு, நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டி வீங்குகிற அந்த மனுஷன் கழுத்தை வளைத்துக்கொண்டு, மேல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் இடம் விட்டேன். ஊர் வந்து சேரும் வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தார்.